காயம் ஆற்ற உதவும் கூட்டுச்சர்க்கரை உயிரிப்பொருள்கள்

காயம் ஆற்ற உதவும் கூட்டுச்சர்க்கரை உயிரிப்பொருள்கள் என்பவை கடற்பாசி, இறால் ஓடு, பருத்தி, நுண்ணுயிரிகள் முதலிய இயற்கை மூலங்களிலிருந்து பெறப்படும் கூட்டுச்சர்க்கரைகளைக் (பாலிசாக்கரைடுகளைக்) கொண்டு தயாரிக்கப்படும் மருத்துவப் பொருள்கள் ஆகும். இவை தாள், இழை, பஞ்சு, ஜெல், தூள் எனப் பல வடிவங்களில் காயத்தின் மீதோ, காயத்தின் குழிக்குள்ளோ வைக்கப்படுகின்றன. அல்ஜினேட், கைட்டோசான், செல்லுலோஸ், ஹையலூரோனிக் அமிலம், மாற்றியமைக்கப்பட்ட ஸ்டார்ச் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

இப்பொருள்கள் காயத்தைத் தாமே ஆற்றுவதில்லை. ஆற்றுவது உடல்தான். அந்த வேலை தடையின்றி நடப்பதற்கு ஏற்ற சூழலை இவை அமைத்துத் தருகின்றன. ஒன்று கசிவுநீரை உறிஞ்சும். மற்றொன்று ஈரத்தைத் தரும். வேறொன்று இரத்தத்தை நிறுத்தும். எனவே எந்தக் காயத்துக்கு எந்தப் பொருள் என்பதை அறியாமல் பயன்படுத்தினால் விலை உயர்ந்த கட்டும் பயன் தராது. சில வேளைகளில் தீங்கும் செய்யும்.

காயம் ஆறும் நான்கு நிலைகள்

தோலில் ஏற்படும் காயம் நான்கு நிலைகளில் ஆறுகிறது. இந்நிலைகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்து நிகழும்.

1. இரத்தம் உறைதல்: காயம் பட்ட சில நிமிடங்களில் இரத்தத் தட்டுகள் ஒன்றுகூடி அடைப்பை உண்டாக்குகின்றன. ஃபைப்ரின் இழைகள் வலைபோல் பின்னி அதை உறுதிப்படுத்துகின்றன.
2. அழற்சி: வெள்ளை அணுக்கள் காயத்துக்குள் வந்து கிருமிகளையும் இறந்த திசுக்களையும் அகற்றுகின்றன. சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி ஆகியவை இந்நிலையின் அடையாளங்கள். இது பொதுவாகச் சில நாள்கள் நீடிக்கும்.
3. பெருக்கம்: புதிய நுண்குழல்களும் கொலாஜன் இழைகளும் உருவாகிக் காயத்தின் குழி நிரம்புகிறது. புறத்தோல் செல்கள் விளிம்பிலிருந்து நகர்ந்து வந்து மேற்பரப்பை மூடுகின்றன.
4. மறுசீரமைப்பு: கொலாஜன் இழைகள் ஒழுங்குபட்டுத் தழும்பு உறுதியடைகிறது. இதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். முழுமையாக ஆறிய தழும்பும் பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டையே எட்டுகிறது.

நீரிழிவுப் பாதப்புண், படுக்கைப்புண், நாளக்கோளாறால் வரும் கால்புண் ஆகியவற்றில் இந்த வரிசை இரண்டாம் நிலையிலேயே தேங்கி நின்றுவிடுகிறது. அழற்சி அடங்காமல் தொடர்வதால் உருவாகும் புதிய திசுவும் சிதைக்கப்படுகிறது. இவ்வாறு வாரக்கணக்கில் ஆறாதிருப்பவை நாட்பட்ட புண்கள் எனப்படும்.

உலர்ந்த கட்டிலிருந்து ஈரக் கட்டுக்கு

காயம் காற்றாட இருந்தால் விரைவில் காய்ந்து ஆறும் என்பது நெடுங்காலமாக நிலவிய கருத்து. 1962ஆம் ஆண்டில் ஜார்ஜ் வின்டர் என்னும் ஆய்வாளர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை ஏற்படுத்தி இதனைச் சோதித்தார். சில காயங்களைத் திறந்து விட்டார். சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடப்பட்ட காயங்களில் புதிய புறத்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் வளர்ந்தது. இம்முடிவுகள் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன.

காரணம் எளியது. திறந்த காயத்தின் மேல் கெட்டியான பொருக்கு உண்டாகிறது. புறத்தோல் செல்கள் வறண்ட பரப்பில் நகர இயலாது. அவை பொருக்குக்கு அடியில், ஈரமுள்ள ஆழத்தைத் தேடிச் சுற்றுவழியில் செல்ல வேண்டியுள்ளது. ஈரமான காயத்திலோ அவை மேற்பரப்பிலேயே நேராக நகர்கின்றன.

ஆனால் ஈரம் மிகுந்தாலும் தீமை உண்டு. கசிவுநீர் தேங்கினால் சுற்றியுள்ள நல்ல தோல் ஊறி வெளுத்துப் புண் விரியும். ஆகவே காயம் நனைந்து ஊறவும் கூடாது, வறளவும் கூடாது. நீரைத் தேவைக்கேற்ப உறிஞ்சவும் தேக்கவும் வல்ல பொருள் தேவைப்பட்டது. கூட்டுச்சர்க்கரைகள் அதற்குப் பொருத்தமாக அமைந்தன.

கூட்டுச்சர்க்கரைகள் ஏன் பொருந்துகின்றன?

கூட்டுச்சர்க்கரை என்பது ஒற்றைச் சர்க்கரை அலகுகள் மாலையில் கோத்த மணிகள்போல் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ இணைந்த நீண்ட சங்கிலி. அலகுகளில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீர் மூலக்கூறுகளை ஈர்த்துப் பிடிக்கின்றன. சங்கிலிகளை அங்கங்கே குறுக்காகப் பிணைத்தால், நீரைத் தன்னுள் தேக்கி வைக்கும் வலை உருவாகிறது. இதுவே ஹைட்ரோஜெல்.

மேலும், உடலின் செல்களைச் சூழ்ந்துள்ள புறத்தாயத்திலும் சர்க்கரைச் சங்கிலிகள் உள்ளன. அதனால் தூய்மையாக்கப்பட்ட கூட்டுச்சர்க்கரைகளை உடல் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. சங்கிலியில் அமைந்துள்ள வேதித் தொகுதியும் அதன் மின்சுமையும் ஒவ்வொன்றின் தனிப்பண்பை முடிவு செய்கின்றன.

முக்கியமான பொருள்கள்

அல்ஜினேட்

பழுப்புக் கடற்பாசிகளின் செல்சுவரில் உள்ள கூட்டுச்சர்க்கரை இது. ஸ்காட்லாந்துக் கடற்பாசிகளை ஆராய்ந்த பிரித்தானிய வேதியியலாளர் எட்வர்ட் ஸ்டான்ஃபோர்டு 1881இல் இதனைப் பிரித்தெடுத்தார். தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாக் கரையோரம் கிடைக்கும் சர்காசம், டர்பினேரியா வகைப் பாசிகள் அல்ஜினேட் எடுக்கச் சேகரிக்கப்படுகின்றன. சர்காசத்தை அப்பகுதி மக்கள் கட்டக்கோரை என்பர்.

மானுரோனிக் அமிலம், குலுரோனிக் அமிலம் என்னும் இரண்டு அலகுகளால் ஆனது அல்ஜினேட். குலுரோனிக் அலகுகள் தொடர்ந்து வரும் இடங்களில் சங்கிலி மடிந்து சிறுசிறு குழிகள் உண்டாகின்றன. இரு சங்கிலிகள் எதிரெதிரே நிற்கும்போது அக்குழிகளில் கால்சியம் அயனிகள் வந்து அமர்கின்றன. முட்டை அட்டையில் முட்டைகள் அமர்ந்திருப்பதை ஒத்திருப்பதால் இது 'முட்டைப்பெட்டி' அமைப்பு எனப்படுகிறது. சோடியம் அல்ஜினேட் கரைசலைக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஒவ்வொரு சொட்டும் உருண்டையாக உறைவதைப் பள்ளி ஆய்வகத்திலேயே காணலாம். சொட்டுக்குப் பதிலாக நுண்துளைகள் வழியே செலுத்தினால் இழைகள் கிடைக்கும். காயக்கட்டுகள் இந்தக் கால்சியம் அல்ஜினேட் இழைகளால் ஆனவை.

காயத்தின் மீது வைத்ததும் இதற்கு எதிரான மாற்றம் நிகழ்கிறது. கசிவுநீரில் உள்ள சோடியம் அயனிகள் இழைக்குள் புக, கால்சியம் அயனிகள் வெளியேறுகின்றன. பிணைப்புத் தளர்ந்து இழை நீரை உறிஞ்சி ஜெல்லாகிறது. கட்டு தன் எடையைப் போல் 15 முதல் 20 மடங்கு நீரை ஏற்கும். வெளியேறும் கால்சியம் இரத்தம் உறையவும் உதவுகிறது. ஜெல் புதிய திசுவோடு ஒட்டாததால் கட்டு மாற்றும்போது வலி குறைவு.

கசிவில்லாத வறண்ட புண்ணில் இந்த அயனி மாற்றம் நடைபெறாது. அங்கு அல்ஜினேட் இழை காய்ந்து ஒட்டிக்கொண்டு உள்ள ஈரத்தையும் இழுத்துவிடும். மேலும், பயன்படுத்திய அல்ஜினேட் மஞ்சளும் பழுப்பும் கலந்த வழவழப்பான ஜெல்லாக இருப்பதால் அதைச் சீழ் என்று எண்ணி அஞ்சுவோர் உண்டு. புண்ணை உப்புநீரால் கழுவிய பிறகே அதன் நிலையை மதிப்பிட வேண்டும்.

கைட்டோசான்

இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலும் பூஞ்சைகளின் செல்சுவரிலும் உள்ள கைட்டினிலிருந்து பெறப்படுவது கைட்டோசான். 1811இல் பிரெஞ்சு அறிவியலாளர் ஆன்ரி பிராகொன்னோ காளான்களிலிருந்து கைட்டினைக் கண்டறிந்தார். 1859இல் சார்லஸ் ரூஜே அதனைக் காரத்தில் கொதிக்கவைத்துக் கரையக்கூடிய பொருளாக மாற்றினார்.

இறால் பதப்படுத்தும் ஆலைகளில் கழிவாகும் ஓடுகளே இன்று முக்கிய மூலப்பொருள். ஓட்டிலுள்ள சுண்ணாம்பு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும், புரதம் நீர்த்த காரத்தாலும் நீக்கப்படுகின்றன. எஞ்சும் கைட்டினைச் செறிவான சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கினால் அசெட்டைல் தொகுதிகள் நீங்கி அமினோ தொகுதிகள் வெளிப்படுகின்றன. இந்தியாவில் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இத்தயாரிப்பு முறைகளில் நெடுநாள் ஆய்வு செய்துள்ளது.

இயற்கைக் கூட்டுச்சர்க்கரைகளுள் பெரும்பாலானவை நடுநிலையானவை அல்லது எதிர்மின்சுமை கொண்டவை. கைட்டோசானின் அமினோ தொகுதிகளோ அமில ஊடகத்தில் நேர்மின்சுமை பெறுகின்றன. இரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பு எதிர்மின்சுமை கொண்டது. இரண்டும் ஈர்க்கப்பட்டு அணுக்கள் திரண்டு அடைப்பாகின்றன. இந்த அடைப்பு உடலின் வழக்கமான உறைதல் வினைத்தொடரைச் சார்ந்திராததால், இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கப்பட்ட நிலையிலும் இது செயல்படக்கூடும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002இல் கைட்டோசான் கட்டு ஒன்றுக்கு அனுமதி அளித்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்கப் படையினர் இத்தகைய கட்டுகளைப் பயன்படுத்தினர். இவற்றைக் காயத்தில் வைத்தால் மட்டும் போதாது. குறைந்தது 3 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பாக்டீரியாவின் மேற்பரப்பும் எதிர்மின்சுமை கொண்டதால் கைட்டோசான் கிருமிகளின் வளர்ச்சியையும் தடுக்கிறது. ஆனால் பி.எச். அளவு ஏறத்தாழ 6.5க்கு மேல் சென்றால் அமினோ தொகுதிகள் மின்சுமையை இழக்கின்றன. நாட்பட்ட புண்கள் பெரும்பாலும் காரத்தன்மை உடையவை. அதாவது, கிருமித் தடுப்பு மிகவும் தேவைப்படும் இடத்தில் சாதாரணக் கைட்டோசானின் ஆற்றல் குன்றுகிறது. பி.எச். அளவு எதுவாயினும் நேர்மின்சுமை நிலைத்திருக்கும் வகையில் மாற்றியமைத்த கைட்டோசான்கள் இதனாலேயே ஆராயப்படுகின்றன.

செல்லுலோஸ்

பருத்தி பெரும்பகுதி செல்லுலோஸால் ஆனது. எனவே மருத்துவமனைகளில் வழக்கமாகப் பயன்படும் காஸ் துணியும் ஒரு கூட்டுச்சர்க்கரைக் கட்டே. விலை குறைவு, எங்கும் கிடைக்கும் என்பன அதன் நன்மைகள். ஆனால் அது காய்ந்து புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த திசுவையும் பிய்த்தெடுக்கும்.

இக்குறையை நீக்கச் செல்லுலோஸ் பலவாறு மாற்றியமைக்கப்பட்டது. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் நீர் பட்டதும் ஜெல்லாகும் இயல்புடையது. பெக்டின், ஜெலட்டின் ஆகியவற்றோடு இதைச் சேர்த்து ஒட்டும் தாளாகச் செய்தவை ஹைட்ரோகொலாய்டு கட்டுகள். ஆக்சிஜனேற்றம் செய்த செல்லுலோஸ் 1940களிலிருந்து அறுவைச் சிகிச்சையில் இரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படுகிறது. மாற்றப்படாத செல்லுலோஸை மனித உடலால் சிதைக்க இயலாது. இதுவோ சில வாரங்களில் கரைந்து உறிஞ்சப்படும்.

பாக்டீரியாக்கள் உருவாக்கும் செல்லுலோஸ் தனிச்சிறப்பு உடையது. 1886இல் ஏட்ரியன் பிரவுன் வினிகர் நொதிக்கும் கலத்தில் மிதந்த ஏடு செல்லுலோஸால் ஆனதைக் கண்டறிந்தார். இளநீர்க் கடைகளிலும் இனிப்பு வகைகளிலும் காணப்படும் 'நட்டா டி கோகோ' என்னும் பிலிப்பைன்ஸ் உணவும் இதே பொருள்தான். இதன் இழைகள் நானோமீட்டர் அளவில் நுண்மையானவை. ஈர நிலையில் எடையில் ஏறத்தாழ 99 விழுக்காடு நீராகவே இருக்கக்கூடும். ஆயினும் கிழியாத உறுதி உண்டு. 1980களில் பிரேசிலில் தீக்காயங்களுக்குத் தற்காலிகத் தோலாக இது விற்பனைக்கு வந்தது.

ஹையலூரோனிக் அமிலம்

மற்றவை வெளியிலிருந்து வருபவை. இது உடலிலேயே உள்ளது. 1934இல் கார்ல் மேயர், ஜான் பால்மர் இருவரும் மாட்டுக் கண்ணின் கண்ணாடி நீர்மத்திலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். ஒருவர் உடலில் சுமார் 15 கிராம் ஹையலூரோனிக் அமிலம் உள்ளது. அதில் பாதியளவு தோலில் இருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் சிதைந்து புதிதாக உண்டாகிறது.

இதன் செயல் சங்கிலியின் நீளத்தைப் பொறுத்து மாறுகிறது. நீண்ட சங்கிலிகள் அழற்சியைத் தணிக்கின்றன. துண்டான சிறு சங்கிலிகள் அழற்சியைத் தூண்டுவதுடன் புதிய இரத்தக்குழல்கள் முளைக்கவும் செய்கின்றன. கருவிலுள்ள குழந்தையின் தோலில் ஏற்படும் காயம் தழும்பின்றி ஆறுவதற்கு அங்கு இவ்வமிலம் மிகுந்திருப்பதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. முன்பு சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் பாக்டீரியா நொதித்தல் மூலம் தயாரிக்கப்படுகிறது.

ஸ்டார்ச்சும் டெக்ஸ்ட்ரானும்

இவற்றைக் குறுக்குப் பிணைத்து நுண்மணிகளாக்கினால் சீழையும் கிருமிகளையும் நீரோடு சேர்த்து இழுக்கும். காடெக்ஸோமர் அயோடின் என்பது அயோடின் ஏற்றப்பட்ட ஸ்டார்ச் மணி. மணி உப்ப உப்ப அயோடின் சிறிது சிறிதாக வெளியாகிறது. பழுப்பு நிறம் வெளுத்தால் கட்டு மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என அறியலாம். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரைக் கட்டா?

'கூட்டுச்சர்க்கரை' என்னும் பெயரைக் கேட்டதும், இக்கட்டு இரத்தச் சர்க்கரையை உயர்த்துமோ என்னும் ஐயம் நீரிழிவு நோயாளிகளுக்கு எழுவது இயல்பே. இவை அவ்வாறு உயர்த்துவதில்லை. அல்ஜினேட்டிலும் கைட்டோசானிலும் இருப்பவை குளுக்கோஸ் அலகுகளே அல்ல. செல்லுலோஸ் குளுக்கோஸால் ஆனதுதான். ஆனால் அதன் பீட்டா பிணைப்பை உடைக்கும் நொதி மனித உடலில் இல்லை. மாடு வைக்கோலைச் செரிப்பதும் மனிதனால் அது இயலாததும் இதனாலேயே.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் உள்ளது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக மதிப்பிட்டது. நீடித்த உயர் சர்க்கரை பாத நரம்புகளை மரக்கச் செய்கிறது, இரத்தக்குழல்களைக் குறுக்குகிறது, வெள்ளை அணுக்களின் செயலைத் தளர்த்துகிறது. எனவே செருப்பில் தைத்த முள்ளும் உணரப்படாமல் போகிறது. வலி இல்லை என்பதால் புண் சிறியது என்று எண்ணிக் காலம் கடத்துவதே பலர் விரலையும் காலையும் இழக்கக் காரணமாகிறது.

நீரிழிவுப் பாதப்புண்ணுக்கான சிகிச்சையில் முதலிடம் பெறுபவை நான்கு: புண்ணின் மீது உடல் எடை விழாமல் தடுத்தல், இரத்த ஓட்டத்தைச் சரிசெய்தல், தொற்றை அடக்கி இறந்த திசுவை அகற்றுதல், இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல். கட்டு இவற்றுக்குத் துணை மட்டுமே. நீரிழிவுப் பாதப்புண்களில் அல்ஜினேட் கட்டு மற்றக் கட்டுகளைவிட விரைவில் ஆற்றுகிறது என்பதற்குச் சான்று இல்லை என 2013இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறியது. கசிவைக் கட்டுப்படுத்தும் திறன், நோயாளியின் வசதி, விலை ஆகிய மூன்றையும் கொண்டு கட்டைத் தேர்ந்தெடுக்குமாறு பன்னாட்டு நீரிழிவுப் பாத வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கின்றன.

காயத்துக்கேற்ற கட்டு

| காயத்தின் தன்மை | பொதுவாகப் பொருந்துவது | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| கசிவு மிகுந்த புண், குழிப்புண் | அல்ஜினேட், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் இழைகள் | குழிக்குள் இறுக்கித் திணிக்கக் கூடாது |
| வறண்ட புண் | நீர் மிகுந்த ஹைட்ரோஜெல் | அல்ஜினேட் தவிர்க்கப்பட வேண்டும் |
| கசிவு குறைந்த மேலோட்டமான புண் | ஹைட்ரோகொலாய்டு | தொற்றுள்ள புண்ணை மூடி வைக்கக் கூடாது |
| கடும் இரத்தப்போக்கு | கைட்டோசான் கட்டு | தொடர்ந்து அழுத்த வேண்டும் |
| சீழும் கசிவும் உள்ள புண் | காடெக்ஸோமர் அயோடின் | தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது |

இரத்த ஓட்டம் குறைந்த பாதத்தில் உலர்ந்து கருத்துப்போன பகுதியை ஈரமாக்கினால் தொற்று பரவக்கூடும். அங்கு எந்தக் கட்டு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சிவப்பு பரவுதல், துர்நாற்றம், காய்ச்சல், திசு கருத்தல், எலும்பு தெரிதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வரம்புகள்

இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது. கடற்பாசியின் இனம், பருவம், விளைந்த இடம் ஆகியவற்றுக்கேற்ப அல்ஜினேட்டின் அலகு விகிதம் மாறும். கைட்டோசானில் இறால் புரதம் எஞ்சியிருந்தால் ஒவ்வாமை உள்ளவர்களைப் பாதிக்கலாம். கிருமிநீக்கத்திலும் சிக்கல் உண்டு. காமாக் கதிரும் உயர் வெப்பமும் கிருமிகளைக் கொல்வதோடு சர்க்கரைச் சங்கிலிகளையும் துண்டிக்கின்றன. ஆகவே எந்த முறையை எந்த அளவில் கையாள்வது என்பது ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே வரையறுக்கப்படுகிறது.

கற்றாழையில் உள்ள அசெமன்னான், புளியங்கொட்டையில் உள்ள சைலோகுளுக்கான் ஆகிய கூட்டுச்சர்க்கரைகளும் ஆராயப்பட்டு வருகின்றன. இதைக் கொண்டு கற்றாழைச் சோற்றையோ மாவையோ நேரடியாகத் திறந்த புண்ணில் இடலாம் என முடிவு செய்தல் தவறு. ஆய்வகத்தில் பயன்படுவது புரதமும் கிருமியும் நீக்கித் தூய்மையாக்கப்பட்ட பொருள். அதேபோல் காபித்தூள், சாம்பல், சுண்ணாம்பு போன்றவற்றைக் காயத்தில் அப்புவதும் தொற்றுக்கு வழிவகுக்கும். காயம் பட்டவுடன் ஓடும் தூய நீரில் கழுவி, தூய துணியால் அழுத்திக் கட்டுவதே சரியான முதலுதவி.

இன்றைய ஆய்வுகள்

ஒரே பொருளால் எல்லாத் தேவைகளையும் நிறைவு செய்ய இயலாததால் இரண்டு மூன்று கூட்டுச்சர்க்கரைகளை இணைக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. எதிர்மின்சுமை கொண்ட அல்ஜினேட்டும் நேர்மின்சுமை கொண்ட கைட்டோசானும் தாமாகவே பிணைந்து உறுதியான படலமாகின்றன. வெள்ளி நுண்துகள்களும் வளர்ச்சிக் காரணிகளும் ஏற்றிய ஜெல்கள், காயத்தின் வடிவத்துக்கேற்ப ஊசி வழியே செலுத்தி அங்கேயே உறையும் ஜெல்கள், பி.எச். மாற்றத்தை நிறத்தால் காட்டும் கட்டுகள், உயிருள்ள செல்களோடு முப்பரிமாண முறையில் அச்சிடப்படும் தோல் ஆகியவை ஆய்வில் உள்ளன. இவற்றுள் பல இன்னும் விலங்குச் சோதனை நிலையைத் தாண்டவில்லை. எலியின் தோல் பெரும்பாலும் சுருங்கி மூடுவதாலும், மனிதத் தோல் புதிய திசு வளர்ந்து மூடுவதாலும், எலியில் கண்ட வேகத்தை மனிதரிடம் அப்படியே எதிர்பார்க்க இயலாது.